வெயிலறியார் என்று முதலில் சொன்னவள்

ஒரு சொல்லை முதலில் சொன்னது யார் என்று கண்டுபிடிப்பது ஜெபக்கனியின் வேலை. கண்டுபிடித்த பிறகு அந்த ஆளை என்ன செய்கிறார்கள் என்பது வேறு துறையின் வேலை. மூன்று வருடமாக இந்தப் பிரிவினையை நம்பித்தான் அவள் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

தூத்துக்குடியில் அப்போது சாவி என்று ஒன்று கிடையாது. வீட்டுக் கதவு, பேருந்து, ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, தெருமுனைத் தண்ணீர்க் குழாய் எல்லாமே குரலுக்குத் திறந்தன. குரலுக்குத் திறக்க வேண்டுமென்றால் எந்நேரமும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். கேட்டதை எங்கேயாவது வைக்க வேண்டும். வைத்ததைத் தேடலாம். சொல் மூலத் துறை பிறந்தது இப்படித்தான். யாரும் உட்கார்ந்து சதி செய்யவில்லை. வசதிக்காக ஒன்றைச் செய்தார்கள், மற்றது தானாக வந்தது.

ஆட்சியை இழிவுபடுத்தும் சொல் ஒன்று பரவினால் சொன்ன எல்லோரையும் பிடிக்க முடியாது. ஊரே சொல்லும். எனவே முதலில் சொன்ன ஒருவரைப் பிடித்தால் போதும் என்றது சட்டம். அவருக்குப் பத்து வருடம் குரலடைப்பு. சிறை கிடையாது, அடி உதை கிடையாது. அவர் குரலுக்கு இனி எதுவும் திறக்காது, அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்றால் எவ்வளவு என்பதை ஜெபக்கனி ஒரு தடவை பார்த்திருக்கிறாள். பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துக் குழாயடியில் ஒரு ஆள் காலிக் குடத்தோடு நின்றுகொண்டிருந்தார். யாராவது வந்து தனக்காகக் குழாயிடம் பேசுவார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பேசினாள். தண்ணீர் வந்தது. "நல்லா இருப்பிய தாயி" என்றார். அவர் பெயர் ஆல்பர்ட், வேன் ஓட்டியவர். அவளுடைய ஆறாவது கோப்பு. அந்த முகத்தை அவள் படத்தில் பார்த்திருந்தாள். அவருக்கு அவளைத் தெரியாது.

இந்தத் தடவை வந்த சொல் 'வெயிலறியார்'.

மாவட்டத்தை ஆண்ட மேல்குழுவில் பதினோரு பேர். தேர்தலை மூன்று தடவை தள்ளிவைத்த பிறகு அவர்களே நிலைத்துவிட்டார்கள். துறைமுகத்தை ஒட்டிய குளிர்வளாகத்தில் அவர்களுக்கு வீடு, அலுவலகம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மூடிய பாதை. வெளியே வர நேர்ந்தால் குளிர்வண்டி. வெளியே வேலை செய்பவர்களுக்கு வெயில் சங்கு இருந்தது. வெக்கை குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் கையிலுள்ள போன் சங்கு ஊதும், வேலையை நிறுத்த வேண்டும். அந்த அளவை மேல்குழு மூன்று தடவை உயர்த்தியது. உயர்த்திய பிறகு மாவட்டத்தில் வெயிலால் ஒருவர்கூடச் சாகவில்லை. கணக்குப்படி.

வெயிலறியார் என்ற சொல் முதலில் உப்பளங்களில் இருந்தது. பிறகு உப்பு லாரியில் ஏறி ஊருக்குள் வந்தது. ஆறே மாதத்தில் எல்லார் வாயிலும் இருந்தது. மேல்குழு அறிவிப்பு வந்தால் "வெயிலறியார் வாய் மலர்ந்தாவ" என்றார்கள். பத்து மணி வரை தூங்கும் மருமகனை மாமியார் அப்படிக் கூப்பிட்டாள். பிள்ளைகள் விளையாட்டில் ஒருவன் வெயிலறியாராக நிழலில் உட்கார்ந்து மற்றவர்களை ஓடச் சொன்னான். ஒரு மேல்குழு உறுப்பினரின் பேத்தி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "தாத்தா, நாம வெயிலறியாரா?" என்று கேட்டதாகப் பேச்சு. வெள்ளிக்கிழமைக்குள் பெயர் வேண்டும் என்று உத்தரவு வந்தது அதற்குப் பிறகுதான்.

துறையின் தேடும் கருவி பதிவுகளில் பின்னோக்கி நடந்து நான்கு லட்சம் வாய்களைத் தாண்டி ஒரு இடத்தில் நின்றது. மூன்று வருடத்துக்கு முந்தைய மே பதினொன்று, பிற்பகல் இரண்டு நாற்பது, ஊருக்கு வடக்கே ஓர் உப்பளம். கேட்டது மாரிவடிவு என்பவரின் போன். போன் யாருடையதோ, சொல்லும் அவருடையது என்பது சட்டத்தின் அனுமானம். ஆனால் குரல் ஒப்பீடு அறுபத்தொரு சதவீதம்தான் வந்தது. மாரிவடிவின் இறப்புச் சான்றிதழோ அதே மே பதினொன்று, காலை பத்தே கால் என்றது. வீட்டில் வைத்து, மாரடைப்பு.

மேலதிகாரி குற்றாலிங்கம் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓய்வுக்கு எட்டு மாதம் இருந்த மனிதர்.

"காலைல செத்தவங்க மத்தியானம் பேச மாட்டாங்கம்மா. யாரோ அந்த போனுக்குப் பக்கத்துல நின்னு பேசியிருக்காங்க. உயிரோட இருக்கிற ஆளு. போய்க் கேட்டுட்டு வாங்க. கருவிக்குப் பிடிபடலன்னா என்ன, உங்க காது இருக்கே."

அவள் காதுக்குத்தான் அந்த வேலையே கிடைத்தது. பொறியியல் படிப்பை மூன்றாம் வருடத்தில் விட்டவளுக்கு வேறு எதைப் பார்த்து வேலை கொடுப்பார்கள்? ஒரு குரலை ஒரு தடவை கேட்டால் அது கிழண்டாலும் சளி பிடித்தாலும் அவளுக்குத் தெரியும். கருவி தடுமாறிய இடங்களில் அவள் தடுமாறியதில்லை. இரண்டு நாற்பதின் ஒரு நிமிடத்தைக் காதில் ஏற்றிக்கொண்டு உப்பளத்துக்குப் போனாள்.

காலை ஒன்பது மணிக்கே பாத்திகளின் வெள்ளை கண்ணைக் குத்தியது. பத்துப் பன்னிரண்டு பெண்கள் முட்டுவரை ரப்பர் பூட்சோடு உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். ஓலைக் கொட்டகையில் ஒரு தகரப்பெட்டி. உள்ளே துணியில் சுற்றி அத்தனை பேர் போனும் அடுக்கியிருந்தன. ஒன்று மட்டும் பெட்டி மேல் கிடந்தது.

"இது ஏன் வெளிய கிடக்கு?" என்று ஜெபக்கனி கேட்டாள்.

"உப்புத்தண்ணி பட்டா போனு செத்துரும்லா? அதான் எல்லாத்தையும் பூட்டிருவோம். சங்குக்கு ஒண்ணு வேணும். மொற வச்சு ஆளுக்கொரு நாள் ஒண்ண வெளிய போடுவோம்" என்றாள் ஒருத்தி. "நீங்க யாரு மேடம்? சர்க்காரா?"

"சொல் மூலத் துறை."

"ஏட்டி, வாய மூடுங்கட்டி! சொல்லு புடிக்க ஆளு வந்திருக்கு."

"எங்க வாயில உப்புத்தான் இருக்கு மேடம். வேணும்னா ஒரு படி அளந்துட்டுப் போங்க."

சிரித்தார்கள். சிரிப்புக்குப் பின்னாலிருந்து ஐம்பது வயதுக்காரி ஒருத்தி தலைத்துணியை அவிழ்த்து உதறிக்கொண்டே வந்தாள்.

"வேலையப் பாருங்க. நான் பேசிக்கிடுதேன்."

இரண்டு வாக்கியம். ஜெபக்கனிக்கு அது போதும். மூன்று வருடத்துக்கு முந்தைய அந்த நிமிடத்தில் இதே குரல்தான் அழுது, கரகரத்து, உடைந்து கிடந்தது.

பெயர் உலகம்மாள் என்றாள் அவள். பிறகு ஜெபக்கனியின் முகத்தையே பார்த்தாள்.

"கண்டுபிடிச்சிட்ட, என்ன?"

"ம்."

"மிசினுக்குத் தெரியலயா?"

"அழுத குரல் அதுக்குச் சரியாப் பிடிபடாது."

"உனக்குப் புடிபட்டுட்டு." உலகம்மாள் கொட்டகை நிழலில் உட்கார்ந்தாள். "எம் வீட்டுக்காரருக்கு வாதம் தாயி. ஆறு வருசமாப் பேச்சு கெடையாது. கதவுன்னாலும் தண்ணின்னாலும் ஆஸ்பத்திரின்னாலும் எங்க ரெண்டு பேருக்கும் சேத்து இந்த ஒரு கொரலுதான். அதையும் அடச்சிட்டா வீட்டுக்குள்ள கெடந்து நாற வேண்டியதுதான். கெஞ்சுதேன்னு நெனைக்காத. வெவரத்தச் சொல்லுதேன்."

"மாரிவடிவு யாரு?"

"அன்னைக்கு அவ மொற. அவ போனுதான் வெளிய கெடந்துச்சு. ரெண்டு மணிக்கு மேல சங்கு ஊதிச்சு. கங்காணி, லோடு நிக்கி, யாரும் போவக் கூடாதுன்னுட்டான். செத்த நேரத்துல வடிவு பாத்திக்குள்ளயே விழுந்துட்டா. தூக்கிட்டு வந்து இங்கதான் போட்டோம். இந்த எடம். தண்ணி குடுத்தா உள்ள எறங்கல. ரெண்டரைக்கெல்லாம் முடிஞ்சிட்டு."

"சான்றிதழ்ல காலைல வீட்டுலன்னு இருக்கே?"

"இருக்கும். உப்பளத்துல செத்தான்னு எழுதுனா வெயில்னு எழுதணும்லா? அன்னைக்கு அவ வேலைக்கே வரலன்னு எழுதிட்டாவ."

"அப்புறம்?"

"அப்பம்தான் குழு வண்டி பாத்துட்டுப் போவ வந்துச்சு. கொட்டகைக்கு முன்னால நின்னுச்சு. கண்ணாடி எறங்கல. வண்டிக்கு முன்னால ஒரு கொழா இருக்கும்லா, அதுக்குள்ள இருந்து பேச்சு வருது. சங்கு ஏன் ஊதுது, அளவு தாண்டலையேங்குது. அந்தம்மா ஏன் வேலை நேரத்துல படுத்திருக்காவன்னு கேக்குது." உலகம்மாள் கையிலிருந்த உப்பைத் தட்டிவிட்டாள். "கூப்பிட்டுச் சொல்லணும். யாரக் கூப்பிட? கொழாக் கொரல வச்சு உள்ள ஆம்பளையா பொம்பளையான்னே தெரியல. பேரு தெரியாது. என்னமோ வாயில வந்துச்சு. வெயிலறியாரே, எறங்கி வந்து பாருமய்யான்னேன். திட்டணும்னு சொல்லல. கூப்பிட ஒரு பேரு வேணும்லா?"

"இறங்குனாங்களா?"

"வண்டி போயிட்டு."

பெண்கள் மறுபடி வாரிக்கொண்டிருந்தார்கள். உலகம்மாள் எழுந்தாள்.

"எழுதிட்டியா?"

"அன்னைக்கு அந்த போன் எத்தனை மணில இருந்து வெளிய கிடந்துச்சு?"

"காலைல ஏழு மணில இருந்து. ஏன்?"

ஜெபக்கனி மணியை மட்டும் குறித்துக்கொண்டாள். வாக்குறுதி கொடுத்துப் பழக்கமில்லாதவள்.

அலுவலகத்துக்குத் திரும்பி அந்த நாளின் முழுப் பதிவையும் வாங்கினாள். துறை எப்போதும் சொல் வரும் ஒரு நிமிடத்தைத்தான் வெட்டி எடுக்கும். முன்னும் பின்னும் என்ன இருந்தது என்று யாரும் கேட்டதில்லை, அவளும்தான். வியாழக்கிழமை பிற்பகல் குற்றாலிங்கத்தின் மேசையில் அதை ஓடவிட்டாள்.

ஒன்று ஐம்பது. பாத்தித் தண்ணீரில் கால் அளையும் சத்தம். பிறகு ஒரு மெல்லிய குரல்: "ஏக்கா, தல சுத்துது. ஒரு மடக்குத் தண்ணி தாங்களேன்."

கருவி பச்சை விளக்குக் காட்டியது. மாரிவடிவு. தொண்ணூற்றெட்டு சதவீதம்.

"செத்து மூணரை மணி நேரம் கழிச்சுத் தண்ணி கேக்காங்க சார்."

குற்றாலிங்கம் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "கருவி தப்பாக் கேட்டிருக்கும்."

"அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க. தொண்ணூத்தெட்டுலயே கருவி தப்புன்னா, நாம எண்பது, எண்பத்தஞ்சுல குரலடச்ச ஆளுங்க எல்லாம் நாளைக்கு வாசல்ல வந்து நிப்பாங்க. நான் குடுத்ததே பத்தொன்பது பேர்."

அவர் வாசலைப் பார்த்தார், ஏற்கெனவே யாரோ நிற்பது போல. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"சரி. அப்ப சான்றிதழ் பொய். அந்தம்மா மத்தியானம் அங்க இருந்திருக்காங்க. அதுக்காக அந்தச் சொல்லை அவங்கதான் சொன்னாங்கன்னு ஆயிடுமா? அறுபத்தொண்ணுதானே காட்டுது?"

"போன் அவங்களோடது. கொஞ்ச நேரத்துல செத்திருக்காங்க. சாகப் போறவங்க குரல் வேற எப்படி சார் இருக்கும்?"

"உங்க காது என்ன சொல்லுது?"

அவர் அதைச் சூழ்ச்சியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். மூன்று வருடமாக அவள் காது சொன்னதற்கு மேல் அந்த அறையில் பேச்சு கிடையாது. பத்தொன்பது தடவை அது உண்மையைச் சொல்லியிருந்தது. பத்தொன்பது வீடுகள் பூட்டிக்கொண்டன.

"அவங்கதான் சார்" என்றாள்.

அவர் படிவத்தை இழுத்தார். தண்டனை நிறைவேறாமைக்குக் காரணம்: இறப்பு. இறந்த இடம்: உப்பளம். அடுத்த கட்டத்தில் அவர் பேனா நின்றது.

"உடல்நலக் குறைவுன்னு போட்டுடவா?"

"பதிவுல சங்கு ஊதுது சார். கங்காணி போகக் கூடாதுங்கிறது இருக்கு. ஆட்சேபம் வந்தா முழுப் பதிவையும் போட்டுக் காட்டணும். அப்ப நீங்க எழுதினது பொய்னு ஆயிடும்."

எட்டு மாதத்தில் ஓய்வு பெறப்போகிறவர் ஒரு பெருமூச்சு விட்டார். 'வெயில்' என்று எழுதினார். மூன்று எழுத்துத்தான். நெடுநேரம் எழுதினார். கீழே முத்திரை குத்தினார்.

மாடிப்படி இறங்கும்போதுதான் ஜெபக்கனிக்கு ஒன்று உறைத்தது. கருவி தப்பு என்று அவர் ஒருவேளை எழுதியிருந்தால் ஆல்பர்ட்டுக்குக் குழாய் திறந்திருக்கும். ஒருத்தியைக் காப்பாற்ற, மற்ற பத்தொன்பது பேரையும் பூட்டிவைத்திருக்கும் அதே பூட்டை அவள் கெட்டிப்படுத்திவிட்டு வந்திருக்கிறாள். அவர் அப்படி எழுதியிருக்க மாட்டார் என்று சொல்லிக்கொண்டாள். அது உண்மையாகவும் இருக்கலாம்.

மேல்குழுவுக்கு மூன்று வரிச் சுருக்கம் போனது. மூலம் கண்டறியப்பட்டது. மூலவர் இறந்துவிட்டார். கோப்பு முடிந்தது. அவர்கள் திருப்தி தெரிவித்தார்கள். நான்காவது வரி எதையும் அவர்கள் படித்த வழக்கமில்லை.

ஆனால் அவர்களே போட்ட விதி ஒன்று இருந்தது. முடிந்த கோப்பு முழுவதையும் ரேஷன் கடை, பேருந்து நிலையம், குழாயடி எல்லாவற்றிலும் முப்பது நாள் பலகையில் காட்ட வேண்டும். பார்க்கிறவர்கள் பயப்பட வேண்டும் என்பதற்காக. சனிக்கிழமை காலை மின்பலகைகள் ஒளிர்ந்தன. சொல்: வெயிலறியார். முதலில் சொன்னவர்: மாரிவடிவு, வயது முப்பத்தெட்டு. இறந்த இடம்: உப்பளம். காரணம்: வெயில். அரசு முத்திரை.

ஊர் அதை நின்று படித்தது. முதல் வரிகளை அல்ல.

செவ்வாய்க்கிழமை காலை ஆட்சேப ஜன்னலில் ஜெபக்கனி உட்கார்ந்தபோது முதலில் நின்றது பத்தொன்பது வயதுப் பெண். இறால் கம்பெனி நீலச் சட்டை. கை விரல்கள் ஐஸில் ஊறி வெளுத்திருந்தன.

"என் பேரு சுபாஷினி. மாரிவடிவு மக." ஜன்னலை நோக்கிக் குனிந்தாள். "எங்கம்மா அந்தச் சொல்லச் சொல்லல."

ரத்த உறவு ஆட்சேபம் சொன்னால் கோப்பைத் திறந்தே ஆக வேண்டும். திறந்தால் அறுபத்தொரு சதவீதம் மறுபடி மேசைக்கு வரும். இந்தத் தடவை வேறொரு காது கேட்கும்.

"எப்படிச் சொல்றீங்க?"

"அவ யாரையும் எதுத்து ஒரு வார்த்த பேசுனவ இல்ல மேடம். கங்காணி ஏசிட்டுப் போனா, பாவம் அவருக்கு என்ன கஷ்டமோம்பா. அவளப் போயி ஊருக்கே பேரு வச்சவளா ஆக்கிட்டிய. ரோட்டுல போற வாரவுக எல்லாம் எங்கிட்ட, ஓங்கம்மா என்னா வாயி புள்ளங்காவ." அவள் சிரிக்க முயன்று நிறுத்தினாள். "சொன்னது யாருன்னும் எனக்குத் தெரியும். எங்கம்மாவ மடியில போட்டிருந்தவுகதான் சொன்னாவ."

"ஆட்சேபம் எழுதணுமா?"

சுபாஷினி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் யாரோ இருமினார்கள்.

"அம்மா செத்த அன்னைக்குக் கங்காணி ஒரு கருவியக் கொண்டுட்டு வந்தான். காலைல வீட்டுல வச்சுத்தான் செத்தாங்களா, ஆமான்னு சொல்லுன்னான். எனக்குப் பதினாறு வயசு. ஆமான்னு சொன்னேன். அந்தச் சான்றிதழ்ல இருக்கது எங்கொரலு." கம்பியை விட்டாள். "மூணு வருசமா எத்தன ஆபீசு ஏறி எறங்கிட்டேன். ஒருத்தரும் அந்த ஒரு வார்த்தய எழுதித் தரல. நீங்க எழுதிட்டிய. மேல உள்ளது பொய்யாவே இருந்துட்டுப் போட்டும். கீழ உள்ளத மாத்திராதிய. அதச் சொல்லத்தான் வந்தேன்."

அவள் நகர்ந்தாள்.

அவளுக்குப் பின்னால் நின்றவர் வேப்பலோடைக்காரர், நாற்பது வயதிருக்கும். கையில் கண்ணாடி போட்ட புகைப்படம், அதற்கு மாலை.

"நானும் ஆட்சேபம்தான் மேடம். அந்தச் சொல்ல முதல்ல சொன்னது எங்க அண்ணன். அந்தம்மாவுக்கும் ஒரு வருசம் முந்தி. ரோடு போடுத வேலைல."

"பதிவு இருக்கா?"

"போனு தாருக்குள்ள விழுந்துட்டு. ஆளும் அப்பவே போயிட்டாவ. நீங்க விசாரிச்சுத்தான் ஆவணும்லா? விதி இருக்குன்னு சொன்னாவ."

விதி இருந்தது. ஜெபக்கனி அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். வரிசை சுற்றுச்சுவரை ஒட்டி வளைந்து போய்க்கொண்டிருந்தது. எல்லோர் கையிலும் புகைப்படம். செங்கல் சூளையிலிருந்து, மீன் காயப்போடும் இடத்திலிருந்து, ஆறுமுகநேரி உப்பளத்திலிருந்து வந்திருந்தார்கள். எல்லோருக்கும் அந்தச் சொல்லைச் சொன்ன ஆள் ஒருவர் இருந்தார். எல்லாரும் செத்தவர்கள். வரிசையின் நடுவில் தலைத்துணியோடு உலகம்மாள். அவள் கையில் படம் எதுவும் இல்லை. முன்னால் மயங்கிச் சாயப்போன ஒரு கிழவருக்குப் பக்கத்துக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தாள். அவள் குரலுக்குத் தண்ணீர் வந்தது. தன் சொல்லைத் தன்னுடையது என்று அந்தக் குரலால் இனி எந்தக் காலத்திலும் சொல்ல முடியாது. அதைப் பற்றி அவள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

ஜெபக்கனி புதுப் படிவம் ஒன்றை எடுத்தாள்.

"உங்க அண்ணன் பேரு?"

"சீனிப்பாண்டி."

"தேதி, இடம்?"

சொன்னார். எழுதினாள்.

"இறப்புக்குக் காரணம்?"

அவர் புகைப்படத்தை ஜன்னல் விளிம்பில் நேராக நிறுத்திவைத்துவிட்டு, கூட்டத்துக்கெல்லாம் கேட்கும்படி, "வெயில்" என்றார்.

மேசை மேலிருந்த கருவி அதைக் கேட்டது. கேட்டதை வைத்துக்கொண்டது.